ரெக்ரியேஷன்: பொழுதுபோக்கா, இளைப்பாறலா?

வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் கம்பனி, சங்கம் போன்றவற்றை வழிநடத்துவது பற்றிய 'ஓர்கனைசேஷனல் லீடர்ஷிப்' ஒரு பாடம், காடு, மலை, கடல் என்று ஓய்வு நேரத்தில் இயற்கையை நாடுவது பற்றிய 'அவுட்டோர் ரெக்ரியேஷன்' இன்னொரு பாடம். இரண்டையும் சேர்த்துப் படிக்கிறவர்களும் உண்டு. கனடாவுக்கோ அவுஸ்திரேலியாவுக்கோ விண்ணப்பம் போடுகிற வன்னிப் பிள்ளைகள் இதை வீட்டில் தமிழில் சொல்ல வேண்டி வரும்போதுதான் சிக்கல். 'வெளிப்புறப் பொழுதுபோக்கு' என்று கைபேசி மொழிபெயர்த்துக் கொடுக்கும். புதுக்குடியிருப்பில் ஒரு தாய் இதைக் கேட்டுவிட்டு, "பொழுதுபோக்க ஏன் பிள்ளை கம்பஸுக்குப் போகவேணும்? அதை இஞ்ச இருந்தே செய்யலாமே" என்றார். அவர் கேட்டதில் பிழை இல்லை. அந்தச் சொல்லைக் கேட்டால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

ரெக்ரியேஷன் லத்தீன் வழி வந்த சொல். 'ரெ' என்றால் மீண்டும், 'கிரெயாரே' என்றால் ஆக்குதல். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் அது நுழைந்த காலத்தில் விளையாட்டோடு அதற்குப் பெரிய தொடர்பு கிடையாது. உணவு உண்டு தெம்பு பெறுவது, களைத்தவர் தேறுவது, நோயாளி குணமடைவது போன்ற பொருள்களிலேயே வழங்கியது. உழைப்பில் தேய்ந்துபோன ஆளைத் திரும்ப ஆளாக்குவது என்று வைத்துக்கொள்ளலாம். நம் பொழுதுபோக்கு நேரத்தைக் கழிப்பது. ரெக்ரியேஷன் ஆளைத் தேற்றுவது. முன்னதில் பொழுது போகிறது, பின்னதில் தெம்பு வருகிறது.

சரி, தமிழில் இதற்கு நேரான சொல் இல்லையா? இருக்கிறது. இளைப்பாறல். இளைப்பு ஆறுவது. 'ஆறு' என்ற வினை தமிழில் இந்த வேலையை நெடுங்காலமாகச் செய்து வருகிறது: பசியாறுகிறோம், காலாற நடக்கிறோம், மனம் ஆறுகிறது, துக்க வீட்டில் ஆறுதல் சொல்கிறோம். லத்தீன்காரர் 'மீண்டும் ஆக்குதல்' என்றதை நாம் 'சூடு தணிதல்' என்ற பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறோம். ஆனால் இலங்கைத் தமிழில் இளைப்பாறலை ஓய்வூதியக்காரர் எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டார்கள். இளைப்பாறிய அதிபர், இளைப்பாறிய தபாலதிபர். 'வெளிக்கள இளைப்பாறல் பட்டதாரி' என்றால் பென்ஷன் எடுத்துவிட்டு வயலுக்குப் போனவர் என்றுதான் கிளிநொச்சியில் நினைப்பார்கள்.

நேர்ச்சொல்லாக 'புத்தாக்கம்' அழகாகப் பொருந்தும். ஆனால் அதை 'இனோவேஷன்'காரர்கள் பிடித்துவிட்டார்கள். 'மனமகிழ்' என்ற அடை தமிழ்நாட்டில் உண்டு. அங்கே மனமகிழ் மன்றம் என்றால் சீட்டாட்டமும் மதுவும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். கேளிக்கை, களியாட்டம் இரண்டும் இன்னும் மோசம். மிச்சம் இருப்பது புத்துணர்வு. கொஞ்சம் விளம்பர வாடை அடிக்கிற சொல்தான், சவர்க்காரக்காரர்களும் அதை விட்டுவைக்கவில்லை. ஆனாலும் 'மீண்டும்' என்ற கருத்து அதற்குள் இருக்கிறது, வேறு யாரும் அதை முழுதாகக் குத்தகைக்கு எடுக்கவில்லை. என் தெரிவு அதுதான்.

அடுத்தது அவுட்டோர். 'வெளிப்புறம்' சுவருக்குப் பெயின்ட் அடிக்கிறவரின் சொல். 'திறந்தவெளி' என்றதும் அரங்கும் சிறைச்சாலையும் முன்னே வந்து நிற்கும். வெளிக்களம் நம் அலுவலகங்களில் ஏற்கெனவே புழங்குகிறது: வெளிக்கள உத்தியோகத்தர் என்றால் மோட்டார் சைக்கிளில் கிராமம் கிராமமாகப் போகிறவர். ஆகவே வெளிக்களப் புத்துணர்வு. அமெரிக்காவில் இது அரசாங்கச் சொல்லாகவே உறைந்தது. 1958 இல் அதற்கென்று ஓர் ஆணைக்குழு அமைத்தார்கள். 1962 இல் உள்துறையின் கீழ் 'அவுட்டோர் ரெக்ரியேஷன்' என்ற பெயரிலேயே ஒரு பணியகம் திறந்தார்கள். காட்டையும் ஆற்றையும் மக்கள் ஓய்வுக்காக நாடுவதைத் திட்டமிட வேண்டிய ஒன்றாக அரசு எண்ணத் தொடங்கிய காலம் அது.

'அவுட்டோர் ரெக்ரியேஷன்' பாடத்தின் வரையறைப்படி, விரும்பி, ஓய்வு நேரத்தில், இயற்கையை நாடிச் செய்வதுதான் இது. விறகுக்கோ தேனுக்கோ காட்டுக்குப் போனால் அது தொழில். வன்னியில் இந்தக் கோடு அவ்வளவு நேராக விழுவதில்லை. பாலைப்பழக் காலத்தில் காட்டுக்குப் போகிறவர் விற்கவும் பறிக்கிறார், மரத்திலேயே இருந்து தின்னவும் செய்கிறார். பால் பிசினாகி உதடு இரண்டும் ஒட்டிக்கொள்ள, தேங்காயெண்ணெய் தடவிப் பிரித்துக்கொண்டு சிரிக்கிற பிள்ளைகளிடம் போய் இது தொழிலா ஓய்வா என்று கேட்க முடியாது. மாலையில் இரணைமடுக் குளக்கட்டுக்குப் போகிறவர்களோ வரையறைக்குள் அப்படியே அடங்குகிறார்கள். அவர்கள் அதற்கு 'காற்று வாங்கப் போறம்' என்கிறார்கள். பாடத்தின் பெயராக்க முடியாதே தவிர, இந்தக் கட்டுரையில் வருகிற எல்லாச் சொல்லையும்விட உயிருள்ளது அதுதான்.

இனி லீடர்ஷிப். இலங்கையில் தலைமைத்துவம் என்று எழுதுகிறோம். தலைமை என்பதிலேயே 'மை' விகுதி பண்பைச் சொல்லிவிட்டது. அதன்மேல் வடமொழித் 'துவம்' ஒன்றும் ஏறி உட்கார்ந்திருக்கிறது. தாய்மைத்துவம் என்று யாரும் சொல்வதில்லையே. முகாமைத்துவமும் இதே சாதி. இலக்கணத்தைவிட எனக்கு உறுத்துவது வேறொன்று. 2011 இல் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவான மாணவர்களை இராணுவ முகாம்களுக்கு அனுப்பி மூன்று வாரப் பயிற்சி கொடுத்தார்கள். அதன் பெயர் தலைமைத்துவப் பயிற்சி. அந்த வயதுக்காரர்களிடம் இந்தச் சொல்லைச் சொன்னால் விசில் சத்தம் கேட்கும். அதனால் வெறும் தலைமை போதும் என்பேன்.

ஆங்கிலத்தில் 'லீட்' என்பதன் பழம்பொருள் போகச் செய்தல், வழியில் கூட்டிச் செல்லுதல். தலைமை உடலின் உச்சியிலிருந்து பிறந்த சொல், 'லீட்' பாதையில் பிறந்தது. செல்வச்சந்நிதியிலிருந்து முல்லைத்தீவு வழியாகக் கதிர்காமத்துக்கு நடக்கும் யாத்திரையில் வேல் தாங்கி முன்னே போகிறவரைப் பார்த்தால் அந்தப் பழம்பொருள் விளங்கும். வெளிக்களத் தலைமையைப் படிப்பிக்கிறவர்கள் இதோடு இன்னொரு விதியும் சேர்ப்பார்கள்: அனுபவமுள்ள ஒருவர் கடைசியில் வரவேண்டும், கூட்டத்தின் வேகம் மெதுவாக நடக்கிறவரின் வேகமாக இருக்கவேண்டும்.

இரண்டு பாடங்களும் ஏன் சோடி சேர்ந்தன என்பதற்கும் காரணம் இருக்கிறது. உளவியலாளர்கள் கேர்ட் லெவினும் லிப்பிட்டும் வைட்டும் 1939 இல் வெளியிட்ட புகழ்பெற்ற தலைமை ஆய்வு தொழிற்சாலையில் நடந்ததல்ல. பத்து வயதுச் சிறுவர்களின் ஓய்வுநேரக் கழகங்களில் நடந்தது. எல்லாவற்றையும் தானே கட்டளையிடும் தலைவர் அறையை விட்டு வெளியே போனதும் வேலை படுத்துவிட்டது. கலந்துபேசி முடிவெடுத்த குழுவில் வேலை தொடர்ந்து நடந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1941 இல், வேல்ஸ் கடற்கரையில் கல்வியாளர் கேர்ட் ஹானும் கப்பல் கம்பனிக்காரர் லோரன்ஸ் ஹோல்ட்டும் 'அவுட்வேர்ட் பவுண்ட்' பள்ளியைத் திறந்தார்கள், போர்க்கால இளம் மாலுமிகளைக் கடலிலும் மலையிலும் பழக்க. நிறுவனத்தை நடத்தப் பழகும் இடமாக முகாமும் படகும் மாறியது இப்படித்தான்.

ஓர்கனைசேஷன் என்பதற்கு நிறுவனம் என்பதே சரி. ஆனால் போருக்குப் பிந்திய வன்னியில் 'நிறுவனத்தில வேலை' என்றால் என்ஜிஓ வேலை என்று பொருள். அமைப்பு, இயக்கம் என்று மாற்றப் போனால் அது வேறு கதையாகிவிடும். ஆகவே நிறுவனத் தலைமை என்றே எழுதி, பக்கத்தில் 'கம்பனி, திணைக்களம், சங்கம் எல்லாவற்றுக்கும்' என்று ஒருமுறை விளக்கிவிடலாம். இப்போதைக்கு இந்தப் பெயரில் பட்டம் வவுனியாப் பல்கலைக்கழகம் இருக்கும் பம்பைமடுவில் கிடையாது. 1997 இலிருந்து யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகமாக இருந்து 2021 இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாவில் முகாமைத்துவப் பக்கம்தான் இதற்குக் கிட்ட வரும்.

அப்புறம் ரிஸ்க். வெளிக்களப் படிப்பில் பாதி இதுதான். தமிழில் அபாயம், இடர், அனர்த்தம் மூன்றையும் குழப்பி எழுதுகிறார்கள். மழைக்குக் கனகராயன் ஆறு பெருக்கெடுத்து நிற்பது அபாயம். அதற்குள் இறங்கினால் ஆள் அள்ளுப்படக்கூடிய வாய்ப்பு இடர். அள்ளுப்பட்டுப் பலர் போய்விட்டால் அனர்த்தம். கண்ணிவெடி அகற்றிய காலத்தில் பள்ளிக்கூடங்களில் நடத்திய 'மிதிவெடி அபாயக் கல்வி'யில் ரிஸ்க்குக்கு அபாயம் என்றே போட்டார்கள். சிவப்புப் பலகைக்கு அப்பால் கால் வைக்காதே என்று பிள்ளைக்குப் புரிந்தால் போதும் என்ற இடத்தில் அது சரி. படிப்பில் அபாயத்தையும் இடரையும் பிரித்தே ஆகவேண்டும், ஏனென்றால் ஆற்றை மாற்ற முடியாது, கடக்கும் இடத்தையும் நேரத்தையும் மாற்றலாம். விண்ணப்பத்தில் இடர் முகாமைத்துவம் என்று எழுதுங்கள். அங்கே மட்டும் அந்தத் 'துவம்' இருந்துவிட்டுப் போகட்டும். மாவட்டச் செயலகத்தில் யாரும் விளக்கம் கேட்கமாட்டார்கள்.