இறுதி வருமிடம்

மதிப்புகளை வரிசையாக வைத்திருக்கும், அரே எனப்படும் அணியில் ஒரே மதிப்பு பலமுறை இடம்பெறும்போது, அது கடைசியாக இடம்பெற்றுள்ள இடத்தின் சுட்டெண்ணை, அதாவது அவ்விடத்தைக் காட்டும் எண்ணைக் கண்டறிவதையே நிரலாளர்கள் ‘லாஸ்ட் அக்கரன்ஸ்’ தேடுவது என்கிறார்கள். 4, 7, 2, 7, 9 என்னும் அணியில், 0 முதல் எண்ணினால், 7 முதலில் வருமிடம் 1, இறுதியாக வருமிடம் 3.

‘அரே’ பழைய பிரெஞ்சில் ஒழுங்குபடுத்துதலைக் குறித்த வினையிலிருந்து வந்தது; படை வகுப்புக்கும் வழங்கியதால் ‘அணி’ அதற்கு நன்கு பொருந்துகிறது. ‘இண்டெக்ஸ்’ லத்தீனில் சுட்டுவிரலின் பெயர். ‘சுட்டெண்’ என்னும்போது தமிழிலும் அதே விரல்தான் நீள்கிறது. ‘அக்கரன்ஸ்’ மட்டுமே இடர் தருகிறது. எதிரே ஓடிவருதல் என்னும் லத்தீன் வினையிலிருந்து கிளைத்த அச்சொல்லைப் பலர் ‘நிகழ்வு’ என்று பெயர்க்கிறார்கள். ஆனால் அணியில் எதுவும் நிகழ்வதில்லை; மதிப்பு ஓரிடத்தில் வருகிறது, அவ்வளவே. ஒரு சொல் ஒரு நூலில் எங்கெங்கே வருகிறது என்று கேட்பதுதான் தமிழின் இயல்பு என்பதால், ‘வருமிடம்’ என்பதே தகும் என்பது என் துணிபு.

‘கடைசி உறுப்பு’ என்று சுருக்குவது தவறு. மேற்கண்ட அணியின் ஈற்றுறுப்பு 9. நாம் தேடுவதோ 7 இறுதியாக வருமிடம். ‘இறுதி’ என்னும் அடை உறுப்பைச் சாராமல் வருமிடத்தைச் சார வேண்டும்.

இடமிருந்து தேடினால் ஐந்து உறுப்புகளையும் ஒப்பிட்டாக வேண்டும். வலமிருந்து தொடங்கினால் 9, 7 என இரண்டே ஒப்பீடுகளில் விடை கிடைத்துவிடும். எனினும் தேடும் திசை மாறினாலும் சுட்டெண் இடமிருந்தே எண்ணப்படுகிறது என்பதைப் புதியவர்கள் மறந்துவிடுவது உண்டு. அணி ஏறுவரிசையில் அமைந்திருந்தால் தேடும் பகுதியை ஒவ்வொரு படியிலும் பாதியாக்கும் இருமத் தேடலே சிறந்தது: நடு உறுப்பு தேடும் மதிப்புக்குச் சமமாக இருந்தாலும் நின்றுவிடாமல், அவ்விடத்தைக் குறித்துக்கொண்டு வலப்பாதியில் தேடலைத் தொடர வேண்டும்; பத்து லட்சம் உறுப்புகள் இருந்தாலும் ஏறத்தாழ 20 படிகளில் தேடல் முடிந்துவிடும்.

ஜாவாஸ்கிரிப்ட் என்னும் நிரல்மொழியின் அணிகளுக்கு ‘லாஸ்ட்இண்டெக்ஸ்ஆஃப்’ என்னும் செயற்கூறு 2009-இல் வெளிவந்த, அம்மொழிக்கான எக்மாஸ்கிரிப்ட் 5 தரநிலையில் சேர்ந்தது. நிபந்தனை தந்து பின்னிருந்து தேடும் ‘ஃபைண்ட்லாஸ்ட்இண்டெக்ஸ்’ 2023-ஆம் ஆண்டுத் தரநிலையில் இடம்பெற்றது. மதிப்பு இல்லாவிட்டால் இரண்டுமே -1 என்னும் விடையைத் தருகின்றன. பைத்தான் என்னும் நிரல்மொழியின் சரங்களில், அதாவது எழுத்துத் தொடர்களில், இதே பணியைச் செய்யும் ‘ஆர்ஃபைண்ட்’ தருவதும் -1 தான். ஆனால் பைத்தானில் -1 என்னும் சுட்டெண் ஈற்றெழுத்தைக் குறிக்கும். எனவே விடையைச் சரிபார்க்காமல் சுட்டெண்ணாகப் பயன்படுத்தினால், ‘இல்லை’ என்னும் செய்தி பிழை எதையும் காட்டாமல் ஈற்றெழுத்தாக மாறிவிடுகிறது.