ஒப்பனை: ஒரு சொல்லும் ஒரு தேசிய விருதும்

தேசியத் திரைப்பட விருதுகள் அறிவிக்கப்படும்போது, நடிகர், இயக்குநர், இசை, ஒளிப்பதிவு என்று போய்க்கொண்டே இருக்கும் பட்டியலில் கொஞ்சம் தள்ளி ஒரு வரி வரும்: 'சிறந்த ஒப்பனைக் கலைஞர்'. படப்பிடிப்புத் தளத்தில் இப்படி யாரும் கூப்பிடுவதில்லை. அங்கே வேலையின் பெயர் 'மேக்கப்', ஆளின் பெயர் 'மேக்கப் மேன்', வியர்த்த முகத்தை ஷாட்டுக்கு ஷாட் ஒற்றிச் சரிசெய்வது 'டச்சப்'. ஆனால் அச்சிலும் படத்தின் பெயர் அட்டையிலும் 'ஒப்பனை' நன்றாக வேரூன்றிவிட்டது. மேக்கப் என்பதற்கு இதைவிடப் பொருத்தமான தமிழ்ச்சொல் இல்லை என்பது என் கருத்து.

சொல்லின் வேர் 'ஒப்பு'. ஒத்தல், ஒப்பிடுதல், ஒப்புமை எல்லாம் இந்தக் குடும்பம்தான். 'ஒப்பம்' என்பதும் இதே வேரில் வந்தது. மேடுபள்ளம் இல்லாத சமநிலைக்கும், மணியைத் தேய்த்து மெருகேற்றுவதற்கும் அந்தச் சொல் உண்டு. ஒப்பமிட்ட மணி என்றால் பட்டை தீட்டி மெருகிட்ட மணி. 'விற்பு' விற்பனை ஆனதுபோல 'ஒப்பு' ஒப்பனை ஆயிற்று. அகராதிகள் இதற்கு இரண்டு பொருளையும் தருகின்றன: ஒன்று உவமை, இன்னொன்று அலங்காரம். அதாவது, ஒன்றை இன்னொன்றைப்போல ஆக்குவதும் மெருகேற்றுவதும் இந்த ஒரே சொல்லுக்குள் இருக்கின்றன. இன்றைய பேச்சில் இரண்டாவது பொருள்தான் முன்னால் நிற்கிறது. கல்யாணப் பெண்ணுக்குச் செய்வது ஒப்பனை என்றால் எல்லோருக்கும் புரியும். சினிமாவுக்கு வேண்டியதோ அந்த முதல் பொருள்.

விருது பெற்ற படங்களைப் பார்த்தால் இது விளங்கும். தேசிய விருதுகள் 1954-இல் தொடங்கின. ஒப்பனைக்கென்று தனி விருது வர அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. 2006-ஆம் ஆண்டுப் படங்களுக்கான 54-ஆவது விருதுகளில்தான் அது சேர்ந்தது. 'டிராஃபிக் சிக்னல்' என்ற இந்திப் படத்துக்காக அனில் மோதிராம் பாலாண்டே முதல் விருதைப் பெற்றார். அடுத்த ஆண்டு மலையாளப் 'பரதேசி'க்காகப் பட்டணம் ரஷீத். மோகன்லாலின் முகத்தில் வாலிபம் தொடங்கித் தள்ளாத வயதுவரை ஏற்றிக் காட்டிய வேலை அது. 'பா' படத்தில், சிறு வயதிலேயே உடல் மூப்படைந்துவிடும் நோய் கொண்ட பன்னிரண்டு வயதுச் சிறுவனாக அமிதாப் பச்சன் வருவார். அந்த மொட்டைத் தலையையும் முகத்தையும் உருவாக்கிய கிறிஸ்டியன் டின்ஸ்லி, டாமினி டில் இருவருக்கும் விருது கிடைத்தது.

தமிழுக்கு வந்த இரண்டையும் கவனியுங்கள். 'நான் கடவுள்' படத்துக்காக வி. மூர்த்தி, 'வழக்கு எண் 18/9' படத்துக்காக ராஜா. முதலாவதில் சாம்பல் பூசிய அகோரியும், கோயில் வாசல் பிச்சைக்காரர்களும். இரண்டாவதில் அமிலம் பட்டு வெந்துபோன ஒரு பெண்ணின் முகம். இவற்றை 'அலங்காரம்' என்று யாரால் சொல்ல முடியும்? வெந்த தோல் வெந்த தோலாகத் தெரிய வேண்டும். காமிரா எவ்வளவு பக்கத்தில் வந்தாலும் பூச்சு பூச்சாகத் தெரியக் கூடாது. அசலை ஒத்திருக்கச் செய்வதுதான் அங்கே வேலை. 70-ஆவது விருதுகளில் இந்த ஒப்பு நேரடியாகவே நடந்தது. சத்யஜித் ராயை மனத்தில் வைத்து எடுத்த வங்காளப் படமான 'அபராஜிதோ'வில் நடிகர் ஜீத்து கமலை ராயைப்போலவே ஆக்கிக் காட்டிய சோம்நாத் குண்டுவுக்கு விருது. விருதுச் சின்னம் வெள்ளித் தாமரை. நெடுநாள் 50,000 ரூபாயாக இருந்த பரிசுத்தொகை அந்த ஆண்டிலிருந்து 2 லட்சம் ஆனது.

சரி, இதற்கு முன்னால் நம்மிடம் வேறு சொற்கள் இல்லையா? இருந்தன. கூத்தில் 'வேடம் கட்டுதல்' என்பார்கள். முகப்பூச்சு, முடி, மரத்தில் செதுக்கிக் கண்ணாடிச் சில்லு பதித்த கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம் எல்லாம் சேர்ந்ததுதான் வேடம். ஒப்பனையைவிடப் பெரிய சொல் அது. முகத்தை மட்டும் அதிலிருந்து பிரிக்க முடியாது. போதாக்குறைக்கு 'வேஷம் போடுகிறான்' என்றால் ஏய்க்கிறான் என்று பொருளாகிவிட்டது.

'அரிதாரம்' இன்னொரு பழைய சொல். சமஸ்கிருத 'ஹரிதாள'த்திலிருந்து வந்தது. உண்மையில் அது மஞ்சள் நிறக் கனிமம் ஒன்றின் பெயர். ஆர்சனிக்கும் கந்தகமும் சேர்ந்தது, நச்சுத்தன்மை உள்ளது. அதை அரைத்துக் குழைத்து முகத்தில் பூசினார்கள். பொருளின் பெயரே பூச்சின் பெயராகி, பிறகு நடிப்புத் தொழிலுக்கே ஆகிவந்தது. ஒரு அரசியல்வாதி படத்தில் தலைகாட்டினால் 'மீண்டும் அரிதாரம் பூசுகிறார்' என்று இன்றும் செய்தி போடுகிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த சொல். ஆனால் பூச்சை மட்டும் குறிப்பதால் விருதின் பெயருக்குப் போதாது.

மலையாளத்தில் இதையே 'சமயம்' என்கிறார்கள். காலத்தைக் குறிக்கும் சமயம் வேறு; இது நம் 'சமை'யின் உறவு. சமைத்தல் என்றால் அடுப்படி வேலை மட்டுமில்லை, உருவாக்குதல் என்றும் பொருள். அழகான சொல்தான். தமிழில் அது சாப்பாட்டோடு ஒட்டிக்கொண்டதால் இனி மீட்க முடியாது.

அப்புறம், ஆளைக் குறிக்கும் சொல். ஒப்பனையாளர் என்பதும் சரி, ஒப்பனைக் கலைஞர் என்பதும் சரி. 'ஒப்பனை கலைஞர்' என்று வல்லின ஒற்று இல்லாமல் எழுதுவது பிழை. 'அழகுக்கலை நிபுணர்' என்று இவர்களைக் குறிப்பிடுவதும் பொருந்தாது; அது அழகு நிலையத் தொழிலுக்கான பெயர். தமிழ்ச் சொற்களுக்கு இன்னொரு சிறப்பும் உண்டு: 'மேக்கப் மேன்' என்பதில் உட்கார்ந்திருக்கும் ஆண் இவற்றில் இல்லை. இது சின்ன விஷயமல்ல. இந்தித் திரையுலகில் பெண்களுக்கு முடி அலங்காரத்துக்கு மட்டும் சங்க அட்டை தருவார்கள், ஒப்பனைக்குத் தரமாட்டார்கள் என்ற நிலை பல ஆண்டுகள் இருந்தது. 2014 நவம்பரில் உச்ச நீதிமன்றம்தான் அது செல்லாது என்றது. 2015-ஆம் ஆண்டுப் படங்களுக்கான தேசிய ஒப்பனை விருது 'நானக் ஷா ஃபகீர்' படத்துக்காக இரண்டு பெண்களுக்குப் போயிற்று: பிரீத்திஷீல் சிங், குளோவர் வூட்டன். பிரீத்திஷீல் பிறகு 'கங்குபாய் கத்தியவாடி'க்காக இன்னொரு முறையும் வாங்கினார்.

இன்னும் தமிழில் சரியாக அமையாத சொல் 'புராஸ்தெட்டிக் மேக்கப்'. சிலிக்கோனில் மூக்கு, தாடை, தழும்பு என்று வார்த்தெடுத்து முகத்தில் ஒட்டும் முறை. மருத்துவத் தமிழின் 'செயற்கை உறுப்பு' இங்கே சரிவராது. அது இழந்த கைகாலுக்குப் பதிலாக வைப்பது. இங்கே மூக்கு இருக்கிறது, அதன்மேல் இன்னொரு மூக்கு ஒட்டப்படுகிறது. 'ஒட்டுறுப்பு ஒப்பனை' என்று எழுதிப் பார்க்கலாம். ஓசையும் இடறவில்லை, செய்யும் வேலையும் தெரிகிறது.