டிஸ்சார்ஜ் ஆனவர் திரும்பி வரலைன்னா யார் கணக்கு?

ஆக்ஸிடென்ட்னாலே எல்லாரும் கேக்கறது 108 எத்தன நிமிஷத்துல வந்துச்சுன்னுதான். அதுவும் முக்கியம்தான். ஆனா எலும்பு முறிவு வார்டுல வேலை பாத்துட்டு இப்ப அதையே பிஎச்டியா பண்ற எனக்கு, டிஸ்சார்ஜுக்கு அப்புறம்தான் ஆளுங்க கைநழுவிப் போறாங்கன்னு தோணுது.

பிரசவ மரணங்கள பத்தி 1994ல தாடியஸ், மெய்ன்னு ரெண்டு பேர் மூணு தாமதம் சொன்னாங்க. ஆஸ்பத்திரிக்கு போலாமான்னு முடிவெடுக்க, போய்ச் சேர, சேந்தப்புறம் வைத்தியம் கிடைக்க. இப்ப கானா, ருவாண்டா, பாகிஸ்தான், தென்னாப்பிரிக்கான்னு காயத்துக்கும் இதே மாதிரி ஆராய்ச்சி நடக்குது, அதுல நாலாவதா ஒன்னு சேத்திருக்காங்க, வைத்தியத்த கடைசிவரை விடாம தொடர்றது. உலகத்துல வருஷத்துக்கு சாலை விபத்துல சாகறவங்க சுமார் 12 லட்சம், அதுல 92% ஏழை, நடுத்தர வருமான நாடுகள்ல. ஆனா பொழச்சு கால் வளைஞ்சு போனவர் இந்த கணக்குல எங்கயும் வரமாட்டார்.

நம்ம ஊர்ல 2021 டிசம்பர்ல இன்னுயிர் காப்போம் திட்டம் வந்துச்சு, விபத்து நடந்து முதல் 48 மணி நேரம் இலவசம். நல்ல திட்டம், சந்தேகமே இல்ல. ஆனா எலும்பு வெளிய தெரியற மாதிரி முழங்காலுக்கு கீழ உடைஞ்ச ஒரு லோடுமேனுக்கு வெளிக்கம்பி, அதாவது எலும்பு அசையாம இருக்க காலுக்கு வெளிய தெரியற மாதிரி மாட்டற கம்பி, போட்டா வைத்தியம் மாசக்கணக்குல போகும். ஜிஹெச்ல காசு கேக்க மாட்டாங்க, சரி, ஆனா அவர் வீட்டம்மாவுக்கு டவுன் பஸ் ஃப்ரீ, இவருக்கு இல்ல, இருந்தாலும் கால்ல கம்பியோட கூட்டத்துல ஏற முடியாது, ஆட்டோதான், ரெண்டு பேர் கூலியும் போச்சு, ஓபி வேற காலைலதான். நாட்டுக்கட்டு போடறவர் பக்கத்துத் தெருவுல சாயங்காலமும் இருப்பார். அங்க போறவர படிப்பறிவு இல்லன்னு திட்டற டாக்டருங்கள பாத்தா எனக்கு கோவம்தான் வருது.

டிஸ்சார்ஜ் அன்னிக்கே ரெண்டு விஷயம் கேட்டு வாங்கிக்கோங்க. ஒன்னு, டிரெஸ்ஸிங்க பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துலயே பண்ணிக்கலாமான்னு சீட்டுல எழுதச் சொல்லுங்க. ரெண்டு, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வீட்டுக்கே வந்து பிசியோ பண்றாங்க, அதுக்கு பேர் குடுக்கறது எப்படின்னு கேளுங்க. கம்பி போட்ட எடத்துல சீழ் வந்தாலோ காய்ச்சல் அடிச்சாலோ, கட்டுக்கு கீழ விரல் மரத்துப்போய் கருத்தாலோ, ஓபி நாளுக்காக காத்திருக்க வேணாம், ராத்திரியா இருந்தாலும் நேரா கேஷுவாலிட்டிக்கு வந்துடுங்க.