திரையில் சோகப்படும் நாய்

திருகோணமலையின் உப்புவெளிக் கடற்கரையில் ஒரு படப்பிடிப்பு நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கதையில், கடலுக்குப் போன மீனவர் திரும்பவில்லை. அவர் வளர்த்த அல்சேஷன் கரைக்கு ஓடிவருகிறது, வள்ளம் நிற்கும் இடத்தில் நிற்கிறது, கடலைப் பார்க்கிறது, முகவாயை மணலில் வைத்துப் படுத்துவிடுகிறது. பார்ப்பவருக்குத் தொண்டை அடைக்கும். நாய்க்கோ அது நாலு தனித்தனி வேலை, நாலு துண்டு கோழி ஈரல்.

சரியான இடத்தில் நிற்பதுதான் முதல் பாடம். ஒரு சின்னப் பலகையைக் கீழே வைத்து, முன்னங்கால் இரண்டும் அதில் பட்டவுடன் 'கிளிக்' என்று ஒரு ஒலி, பின்னாலேயே ஈரல். பலன் கிடைத்த செயலை விலங்கு திரும்பச் செய்யும் என்பதைப் பரிசோதனைக் கூடத்தில் விரிவாக ஆராய்ந்தவர் அமெரிக்க உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர். அவரிடம் படித்த கெல்லர் பிரேலண்டும் மரியன் பிரேலண்டும் 1940களில் அதை விலங்குப் பயிற்சித் தொழிலாகவே ஆக்கினார்கள். ஈரல் இருக்க கிளிக் எதற்கு? பலன் உடனே வராவிட்டால் எதற்காகக் கிடைத்தது என்று நாய்க்குப் புரியாது. இருபது மீட்டர் தள்ளி நிற்கும் நாயின் வாயில் அந்த நொடியிலேயே ஈரலை வைக்க முடியாது, ஒலி போய்ச் சேரும். பழகப் பழகப் பலகையைச் சிறிதாக்கிக்கொண்டே போவார்கள். கடற்கரையில் அதன்மேல் கொஞ்சம் மணலைத் தூவிவிட்டால் காலுக்குத் தெரியும், கேமராவுக்குத் தெரியாது.

கடலைப் பார்க்க வைப்பது இன்னும் சுலபம். படத்தில் விழாத தூரத்தில், இடுப்பளவு தண்ணீரில் ஒருவர் பந்தோடு நின்றால் போதும். நெத்தலிக் கருவாட்டைக் காட்டினாலும் பார்க்கும்தான், ஆனால் அவ்வளவு உப்பு நாய்க்கு ஆகாது.

அப்படியென்றால் சோகம் எங்கிருந்து வந்தது? படத்தொகுப்பிலிருந்து. ஒரே நடிகரின் சலனமற்ற முகத்தைச் சூப்புக் கிண்ணத்தோடும் சவப்பெட்டியோடும் மாற்றி மாற்றி ஒட்டியபோது, பார்த்தவர்கள் பசியையும் துயரத்தையும் கண்டார்கள் என்பது ரஷ்ய இயக்குநர் லெவ் குலெஷோவ் செய்ததாகச் சொல்லப்படும் பரிசோதனை. வெறுங்கடலுக்கு அடுத்துப் படுத்த நாயைக் காட்டினால், மிச்சத்தை நாமே நிரப்பிவிடுகிறோம். வால்தான் சிக்கல். சோகக் காட்சியில் அது ஆடினால் கதை போச்சு, வால் தெரியாமல் சட்டகத்தை வெட்டவேண்டியதுதான்.

நாய் வாயைத் திறந்து 'சிரிப்பதும்' பல நேரம் வெக்கைதான். நாய்க்கு உடம்பெல்லாம் வியர்க்காது, பாதத்தில்தான் கொஞ்சம். மூச்சிரைத்து, நாக்கின் ஈரத்தை ஆவியாக்கித்தான் சூட்டைத் தணிக்கிறது. உடல் வெப்பம் 41 பாகையைத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. பக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு இது இன்னும் கடினம். நல்லவேளையாகத் திருகோணமலையில் சூரியன் கடலுக்கு மேலேதான் உதிக்கிறது. மணல் சுடுவதற்குள், அழகான வெளிச்சத்திலேயே வேலையை முடித்துவிடலாம்.

சரி, இதற்கு ஏன் சாதி நாயைத் தேடுகிறார்கள்? முக்கிய காரணம் ஒரே தோற்றம். ஒன்று நன்றாக ஓடும், இன்னொன்று அசையாமல் படுக்கும். இரண்டையும் மாற்றி மாற்றி எடுத்தாலும் ரசிகருக்குத் தெரியாது. 1943இல் லாசி என்ற பெண் நாயாகத் திரையில் வந்தது 'பால்' என்ற, கோலி இனத்து ஆண் நாய். மற்றபடி, சாதிச் சான்றிதழை வைத்துக் குணத்தைக் கணிக்க முடியாது. 18,000க்கும் மேற்பட்ட நாய்களை வைத்து 2022இல் வெளியான மரபணு ஆய்வின்படி, நாய்க்கு நாய் குணம் வேறுபடுவதில் இனத்தின் பங்கு சுமார் 9 சதவீதம்தான். தெருவில் திரியும் ஊர் நாயும் இந்த நாலு வேலையையும் கற்றுக்கொள்ளும். அச்சாக அதே மாதிரி இன்னொன்று கிடைப்பதுதான் கஷ்டம்.

இதே காட்சியைத் திருகோணமலையிலேயே இருக்கும் பிரெட்ரிக் கோட்டைக்குள் எடுக்கலாமே என்று எந்த இயக்குநருக்காவது ஆசை வந்தால், அங்கே திரியும் புள்ளிமான்களை நினைத்துக்கொள்ள வேண்டும். ஓடுகிற மானுக்கு முன்னால் ஈரல் எம்மாத்திரம்! நாயை நீளக் கயிற்றில் கட்டி எடுத்து, அப்புறம் கயிற்றைக் கணினியில் அழிக்கவேண்டி வரும். அந்தச் செலவுக்கு உப்புவெளியே மேல்.