நாட்டின் எல்லையை மாற்ற யாருக்கு அதிகாரம்?

கக்கநல்லா, நாடுகாணி, பாட்டவயல் சோதனைச்சாவடிகளைத் தாண்டிப் போய்வரும் நீலகிரியின் கூடலூர்க்காரர்களுக்கு எல்லை என்றால் மாநில எல்லைதான். அதை மாற்ற, அரசியலமைப்பின் 3ஆவது பிரிவின்கீழ் நாடாளுமன்றம் சாதாரணச் சட்டம் ஒன்றை நிறைவேற்றினால் போதும். சம்பந்தப்பட்ட சட்டமன்றத்தின் கருத்தைக் கேட்பார்கள். அதன்படியே நடக்க வேண்டும் என்றில்லை.

நாட்டின் எல்லை விஷயம் வேறு. 1958இல் நேருவும் பாகிஸ்தான் பிரதமர் பெரோஸ்கான் நூனும் மேற்கு வங்கத்தின் பெருபாரிப் பகுதியில் பாதியைப் பாகிஸ்தானுக்குத் தர ஒப்புக்கொண்டார்கள். ஒப்பந்தம் மட்டும் போதுமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. நம் மண்ணை இன்னொரு நாட்டுக்குக் கொடுப்பதென்றால் அரசியலமைப்பையே திருத்த வேண்டும் என்று 1960இல் பதில் வந்தது.

சரி, கோடு எங்கே என்பதே தகராறு என்றால்? கட்ச் ரண் பகுதியில் 1965இல் நடந்த சண்டைக்குப் பிறகு, இரு நாடுகளும் மூவர் நடுவர் மன்றத்தை ஏற்றன. 1968 தீர்ப்பில் தகராறுக்குரிய நிலத்தில் சுமார் பத்தில் ஒரு பங்கு பாகிஸ்தானுக்குப் போனது. இருக்கும் எல்லையைத் தெளிவாக்குவது நிலத்தைக் கொடுப்பதாகாது, அதற்குத் திருத்தம் தேவையில்லை என்று 1969இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. கச்சத்தீவு தொடர்பான 1974 ஒப்பந்தத்துக்குத் திருத்தம் கொண்டுவராததற்கு மத்திய அரசு சொல்லும் காரணமும் இதே வகைதான்.

என் கவலை கோட்டைவிட அதன் இருபுறமும் வாழும் மனிதர்களைப் பற்றியது. வங்கதேசத்துக்குள் 111 இந்தியத் திட்டுகளும் (மற்ற நாடு சூழ்ந்திருக்கும் சிறு நிலப்பகுதிகள்), இந்தியாவுக்குள் 51 வங்கதேசத் திட்டுகளும் இருந்தன. அரசியலமைப்பின் 100ஆவது திருத்தத்துக்குப் பின், 2015 ஜூலை 31 நள்ளிரவில் அவை கைமாறின. அங்கே வாழ்ந்த சுமார் 51,000 பேரிடமும் எந்த நாட்டுக் குடியுரிமை வேண்டும் என்று கேட்டார்கள். பெரும்பாலானோர் இருந்த ஊரிலேயே இருந்துவிட்டார்கள். இந்தியாவுக்குக் குடிபெயர்ந்தவர்கள் ஆயிரம் பேர்கூட இல்லை. இப்படிக் கேட்டதுதான் சரியான முறை.

இலங்கையிலிருந்து நம் மலைக்கு வந்தவர்களுக்கு அந்த வாய்ப்பு கிடைக்கவில்லை. 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் எல்லையைப் பற்றியதல்ல, இலங்கைத் தோட்டத் தமிழர்களின் குடியுரிமையைப் பற்றியது. ஆனாலும் 9,75,000 பேரை நிலம் போலவே பங்கிட்டார்கள்: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. மிச்சம் 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதி எடுத்துக்கொண்டார்கள். பேச்சுவார்த்தையில் அந்த மக்களின் பிரதிநிதிகளுக்கு இடமில்லை. அப்படி வந்தவர்களுக்கு வேலை தரத்தான் 1968இல் அரசுத் தேயிலைத் தோட்டத் திட்டம் தொடங்கியது. இன்றைய டேன்டீ (தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம்) அதுதான். சேரங்கோடு, சேரம்பாடி, பாண்டியார் பக்கம் தலைமுறையாகக் கொழுந்து பறிக்கும் பல குடும்பங்கள் இந்தக் கணக்கில் வந்தவைதான். இலங்கையிலேயே தங்கிவிட்டு அதுவரையிலும் நாடற்றவர்களாக இருந்தவர்களுக்கு அந்நாடு 2003இல் தனிச் சட்டம் போட்டுக் குடியுரிமை வழங்கியது.