பின் சீட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஃபேன்

தண்டையார்பேட்டை வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "2014 மாடல் ஹைபிரிட் செடான் வைத்திருக்கிறேன் சார். செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். 1,90,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. வாங்கிய புதிதில் லிட்டருக்கு 16 கொடுத்தது, இப்போது 12தான். எந்த எச்சரிக்கை விளக்கும் எரியவில்லை. சர்வீஸில் பேட்டரியை மாற்றச் சொல்கிறார்கள், லட்சத்தில் செலவு. என் மச்சான் எத்தனால் பெட்ரோல்தான் காரணம் என்கிறான். யார் சொல்வது சரி?"

முதலில் மச்சானை முடித்துவிடுவோம். ஒரே அளவு பெட்ரோலோடு ஒப்பிட்டால் எத்தனாலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. 20 சதவீதம் கலந்தால் கலவையின் ஆற்றல் 6, 7 சதவீதம் இறங்கும். அதுவும் கலப்பே இல்லாத பெட்ரோலை வைத்துப் பார்த்தால். 2022லேயே நாடு 10 சதவீதக் கலப்பை எட்டிவிட்டது, 2025ல் 20. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள வித்தியாசம் 3 சதவீதம் சொச்சம். 16 என்பது பதினைந்தரை ஆகியிருந்தால் மச்சான் சொன்னதை ஒத்துக்கொள்ளலாம். 12 ஆனதற்கு எத்தனாலைக் குற்றம் சொல்ல முடியாது. பழைய வண்டியின் ரப்பர் குழாய்களை எத்தனால் என்ன செய்யும் என்ற கவலை நியாயமானதுதான், ஆனால் அது வேறு விஷயம்.

அடுத்தது, 12 என்ற எண் எங்கிருந்து வந்தது? டேஷ்போர்டில் தெரியும் எண் ஒரு கணிப்பு மட்டுமே. ஒரே பெட்ரோல் பங்க்கில் டேங்கை நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பி, வகுத்துப் பார்ப்பதுதான் கணக்கு. டயரில் காற்று, வீல் அலைன்மென்ட் எல்லாம் உங்களுக்கே தெரியும்.

பிரேக் பற்றி மட்டும் ஒரு வார்த்தை, ஏனென்றால் வட சென்னையில் அது தனிக் கதை. பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் ஹைபிரிட்டில் பெரும்பாலும் மோட்டாரே வண்டியை நிறுத்திவிடுகிறது, பிரேக் பேடுக்கு வேலை குறைவு. வேலையில்லாத டிஸ்க்கும் கேலிப்பர் பின்னும் காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் உப்புக் காற்றில் துருப்பிடிக்கும். பேட் முழுசாக விலகாமல் டிஸ்க்கை உரசிக்கொண்டே வரும். ஓட்டுகிறவருக்கு ஒன்றும் தெரியாது. பிரேக் அதிகம் மிதிக்காமல் கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்திவிட்டு, நான்கு சக்கரங்களுக்குப் பக்கத்திலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், டிஸ்க்கைத் தொட வேண்டாம். ஒன்று மட்டும் கனன்றால் ஆள் அகப்பட்டான்.

எஞ்சின் பக்கம் உள்ளவை எந்த நல்ல மெக்கானிக்குக்கும் தெரிந்தவை: ஏர் ஃபில்டர், கரி படிந்த த்ராட்டில், இஜிஆர் (புகையில் ஒரு பகுதியை மறுபடி எஞ்சினுக்குள் விடும் வழி) அடைப்பு, வயதான ஆக்சிஜன் சென்சார், கம்பெனி சொன்னதைவிடக் கெட்டியான ஆயில். எஞ்சின் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் திறந்தபடியே சிக்கிக்கொண்டாலும் மைலேஜ் போகும். எஞ்சின் இன்னும் சூடாகவில்லை என்று நினைத்து, கம்ப்யூட்டர் அதை அணைய விடாது.

சரி, இதெல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இனிதான் எனக்குப் பிடித்த இடம்.

ஹைபிரிட் எங்கே பெட்ரோலை மிச்சம் பிடிக்கிறது? 1,600 கிலோ வண்டி 40 கிலோமீட்டர் வேகத்தில் போனால் அதன் இயக்க ஆற்றல் ஏறக்குறைய ஒரு லட்சம் ஜூல். எத்தனால் கலந்த ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் மூன்று கோடி ஜூல் இருக்கிறது. அதில் 30 சதவீதம் சக்கரத்துக்குப் போகிறது என்றால் 90 லட்சம். ஆக, சாதாரணக் கார் ஒவ்வொரு முறை பிரேக் போட்டு நிற்கும்போதும் 11 மில்லி பெட்ரோலை டிஸ்க்கின் சூடாக மாற்றிக் காற்றில் விடுகிறது. ராயபுரத்திலிருந்து எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரி வரிசைக்கு நடுவே போகிறவர் எத்தனை முறை நிற்கிறார் என்று அவரே எண்ணிக்கொள்ளட்டும். ஹைபிரிட் இந்த ஆற்றலில் ஒரு நல்ல பங்கைப் பிடித்து பேட்டரியில் போட்டு, அடுத்த முறை நகரும்போது எடுத்துக்கொள்கிறது. அதனால்தான் அது நெடுஞ்சாலையைவிட நெரிசலில் தன் திறமையைக் காட்டுகிறது.

பிடித்ததைப் போட்டு வைக்கும் இடம் சரியாக இருந்தால்தானே? 2014 காலத்து டொயோட்டா கேம்ரி ஹைபிரிட்டில் இருப்பது நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரி. 1.2 வோல்ட் செல்கள் 204, எல்லாம் தொடராக இணைத்தவை, மொத்தம் 245 வோல்ட் அளவில். கொள்ளளவு நம் வீட்டு மின்கணக்கில் சொன்னால் வெறும் 1.6 யூனிட். ஆயுள் நீள வேண்டும் என்பதற்காக அதிலும் 40 முதல் 80 சதவீதம் வரையுள்ள நடுப்பகுதியைத்தான் கம்ப்யூட்டர் புழங்குகிறது.

இந்தச் செல்லுக்குள் நடப்பது அழகான வேதியியல். சார்ஜ் ஏறும்போது நீரிலிருந்து ஹைட்ரஜன் பிரிந்து எதிர்முனைக்குப் போகிறது. அங்கே அது வாயுவாக நிற்பதில்லை. நிக்கலும் லாந்தனம் போன்ற அருமண் உலோகங்களும் கலந்த உலோகக் கலவையின் படிக இடுக்குகளில் அணு அணுவாக நுழைந்து உட்கார்ந்துகொள்கிறது. நேர்முனையில் நிக்கல் ஹைட்ராக்சைடு தன் ஹைட்ரஜனை விட்டுக்கொடுக்கிறது. மின்சாரம் எடுக்கும்போது எல்லாம் தலைகீழ். ஹைட்ரஜன் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வருகிறது, அவ்வளவுதான் பேட்டரி.

ஆனால் நேர்முனையில் போட்டிக்கு இன்னொரு வினையும் காத்திருக்கிறது. செல் நிரம்ப நிரம்ப, நாம் கொடுக்கும் மின்சாரம் நிக்கலை மாற்றுவதற்குப் பதிலாக அங்குள்ள ஹைட்ராக்சைடு அயனிகளை உடைத்து ஆக்சிஜனை உண்டாக்கத் தொடங்கும். மூடிய டப்பாவுக்குள் வாயு உண்டானால் அழுத்தம் ஏறி வெடிக்காதா? பொறியாளர்கள் இதை முன்கூட்டியே யோசித்து எதிர்முனையை வேண்டுமென்றே பெரிதாகச் செய்திருக்கிறார்கள். ஆக்சிஜன் நடுவில் உள்ள பிரிப்பானைக் கடந்து அந்தப் பக்கம் போய், உலோகத்துக்குள் இருக்கும் ஹைட்ரஜனோடு சேர்ந்து மறுபடி நீராகிவிடும். அழுத்தம் தணிந்தது, செல் பிழைத்தது. வால்வு கீல்வு எதுவும் அசையாமல் வேதியியலே செய்துகொள்ளும் பாதுகாப்பு! நான் இதை முதன்முதலாகப் படித்தபோது இரண்டு நாள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

இதற்கு ஒரு விலை உண்டு. அந்த ஆக்சிஜன் சுற்றில் போன மின்சாரம் முழுவதும் சூடாக மாறுகிறது, ஒரு துளியும் சேமிப்பாவதில்லை. அது மட்டுமில்லை, செல் சூடாக இருந்தால் ஆக்சிஜன் வினை இன்னும் சீக்கிரமே தொடங்கிவிடும். 25 டிகிரியில் அநேகமாக நிரம்பிய பிறகு வரும் வினை, 45 டிகிரியில் நிரம்புவதற்கு வெகு முன்னாலேயே வந்து நிற்கும். சூடு ஏறினால் சேமிப்பு குறையும், சேமிப்பு குறைந்தால் சூடு ஏறும். கத்திரி வெயிலில் இந்தச் சுழற்சியை உடைக்க ஒரே வழி குளிர்விப்பது.

குளிர்விப்பது எது? பின் சீட்டின் ஓரத்திலோ அதற்குப் பின்னால் உள்ள பலகையிலோ, வண்டிக்குத் தகுந்தபடி, ஒரு சல்லடை மூடி இருக்கும். அதற்குள் ஒரு சின்ன ஃபேன், கேபின் காற்றை உறிஞ்சி பேட்டரிக்குள் தள்ளும். மணலி ரோட்டுத் தூசி, துறைமுகத்துப் பக்கத்து நிலக்கரித் துகள், பிள்ளைகள் சிந்திய முறுக்குத் தூள், சீட் கவரின் பஞ்சு எல்லாம் பத்து வருடமாக அதன் வழியேதான் போயிருக்கின்றன. ஃபேன் இறக்கைகளில் கம்பளி போர்த்தியதுபோல் படிந்திருக்கும். ஃபேன் முழு வேகத்தில் அலறும், காற்று மட்டும் போகாது. சிலர் அந்தச் சல்லடை மேலேயே பையையோ தலையணையையோ சாய்த்து வைத்திருப்பார்கள்.

இதில் ஒரு வேடிக்கை. மைலேஜ் குறைகிறதே என்று பலர் ஏசியை அணைத்துவிட்டுக் கண்ணாடியை இறக்கி ஓட்டுகிறார்கள். பேட்டரிக்குப் போவது கேபின் காற்றுதான். அணைத்தால் அதற்குச் சூடான காற்றும் தூசியும்தான் கிடைக்கும். ஏசி பேட்டரியிலிருந்து மின்சாரம் இழுக்கும் என்பது உண்மை. ஆனால் மே மாதத்தில் ஹைபிரிட்டுக்கு ஏசி ஆடம்பரம் இல்லை, மருந்து.

பேட்டரி சூடானதும் கம்ப்யூட்டர் அதைக் காப்பாற்றுவதற்காகச் சார்ஜ் மின்னோட்டத்தைக் குறைத்துவிடும். அப்போது நீங்கள் பிரேக் மிதித்தால் மோட்டார் செய்ய வேண்டிய வேலையைப் பேட் செய்யும். இரண்டையும் கம்ப்யூட்டரே கலந்து கொடுப்பதால் காலுக்கு வித்தியாசம் தெரியாது. 11 மில்லி, 11 மில்லியாகப் போய்க்கொண்டிருக்கும். விளக்கும் எரியாது, ஏனென்றால் எதுவும் இன்னும் உடையவில்லை.

வருடக்கணக்கில் இப்படி வெந்தால் அப்புறம் உண்மையான சேதம். அடுக்கின் நடுவில் உள்ள செல்களுக்குக் காற்று சரியாகப் போகாது, அவை ஓரத்துச் செல்களைவிட அதிகம் சூடாகும். உலோகக் கலவை அரிக்கப்பட்டு, உள்ளே உள்ள திரவம் வற்றி, மின்தடை ஏறும். தொடர் இணைப்பில் எல்லாச் செல்லுக்கும் ஒரே மின்னோட்டம்தான். பந்தியில் மெதுவாகச் சாப்பிடுகிறவர் முடிக்கும்வரை மற்றவர்கள் இலையை மூட முடியாத மாதிரி, 200 செல் நன்றாக இருந்தும் நான்கு நொந்த செல்களின் வேகத்துக்குத்தான் மொத்தப் பேட்டரியும் நடக்கும். ஆக்சிலேட்டரை மிதித்ததும் அந்த நான்கின் வோல்டேஜ் சரியும், கம்ப்யூட்டர் பயந்து எஞ்சினை எழுப்பும். மூலக்கடை சிக்னலில் நிற்கும்போது முன்பெல்லாம் அமைதியாக இருந்த வண்டி இப்போது அடிக்கடி உறுமுகிறதா? பேட்டரி முள் சில நிமிடத்தில் மேலே போய், அதே வேகத்தில் கீழே விழுகிறதா? இதுதான் அர்த்தம்.

ஊகிக்க வேண்டியதில்லை, அளக்கலாம். வண்டியின் கம்ப்யூட்டரிலிருந்து தகவலைப் படிக்கும் ப்ளூடூத் ஓபிடி ஸ்கேனரும் ஹைபிரிட்டுக்கான ஆப்பும் இருந்தால் போதும். சில செல்கள் சேர்ந்த தொகுதிதான் மாட்யூல்; பேட்டரியை இரண்டிரண்டு மாட்யூல்களாக 17 பிளாக்காகப் பிரித்து, ஒவ்வொன்றின் வோல்டேஜையும் காட்டும். நிற்கும்போது எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும், ஏமாறாதீர்கள். பக்கத்து சீட்டில் ஒருவரை உட்காரவைத்து, நன்றாக மிதித்து ஓட்டும்போது அவரைப் பார்க்கச் சொல்லுங்கள். உச்சத்துக்கும் அடிமட்டத்துக்கும் இடையே அரை வோல்ட்டுக்குள் இருந்தால் பேட்டரிக்கு இன்னும் உயிர் இருக்கிறது. ஒரு வோல்ட்டைத் தாண்டினால் சர்வீஸில் சொன்னதுதான் சரி, பேட்டரியை மாற்றச் சொல்லும் பி0ஏ80 என்ற பிழைக் குறியீடு கூடிய சீக்கிரம் வரும். மாட்யூல்களின் வெப்பநிலையையும் பாருங்கள். வோல்டேஜ் பரவாயில்லை, வெப்பம் மட்டும் அதிகம் என்றால் முதல் செலவு ஃபேனைக் கழற்றிச் சுத்தம் செய்வதுதான். சூட்டால் தற்காலிகமாக இழந்தது திரும்ப வரும். மூப்பால் இழந்தது வராது.

கெட்ட மாட்யூலை மட்டும் மாற்றித் தருகிறோம் என்பவர்களை நான் நம்புவதில்லை. வலுவான புதியதைப் பழையவற்றுக்கு நடுவில் சொருகினால் அடுத்த நோஞ்சான் வெளியே வரும், ஆறு மாதத்தில் மறுபடி அதே கடை. பெட்ரோல் குழாயில் காந்தம் கட்டினால் மைலேஜ் ஏறும் என்று விற்கிறார்களே, அதைவிட டயருக்கு அடியில் வைக்கும் எலுமிச்சம்பழமே மேல். எலுமிச்சம்பழம் தன்னை அறிவியல் என்று சொல்லிக்கொள்வதில்லை, விலையும் குறைவு.

காரைக்குடியில் 1953லிருந்து மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில். நம் வெயிலில், நம் தூசியில் பத்து வருடம் ஓடிய பேட்டரிகளை வாங்கி, பிரித்து, எந்தச் செல் எப்படிச் செத்தது என்று பார்க்கும் வேலைக்கு இப்படிப்பட்ட நிலையங்களுக்குப் பணத்தை அள்ளிக் கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி. புது பேட்டரி கண்டுபிடித்தேன் என்றால் செய்தி வரும், பழையது ஏன் செத்தது என்றால் வராது. பழைய இரும்புக் கடைக்குப் போகிற ஒவ்வொரு பேட்டரியோடும் அந்தத் தகவலும் எடைக்குப் போகிறது.

வீட்டிலேயே செய்யக்கூடியது சல்லடை மூடியையும் ஃபில்டரையும் சுத்தம் செய்வது மட்டும். அதற்கு உள்ளே ஆரஞ்சு நிற ஒயர்கள் தெரிந்தால் கையை எடுத்துவிடுங்கள். 245 வோல்ட் நேர்மின்சாரம் விளையாட்டு இல்லை, அதற்கென்று பயிற்சி பெற்றவர் கையுறையோடு செய்ய வேண்டிய வேலை.

ஹோண்டா சிட்டி ஹைபிரிட், டொயோட்டா ஹைரைடர் போன்ற பிந்தைய வண்டிகளில் லித்தியம் அயனி பேட்டரி. அங்கே இந்த ஆக்சிஜன் சுற்று கிடையாது, ஆனால் சூட்டால் மூப்பு வருவது அங்கேயும் உண்டு. புது வண்டிக்காரர்கள் பேட்டரிக்குக் காற்று போகும் வழி எங்கே இருக்கிறது என்று மேனுவலில் தேடிப் பார்த்து, அந்தப் பக்கத்தை இப்போதே மடித்து வைத்துக்கொள்ளலாம்.