இரண்டாயிரம் ரூபாய் ஆசிலாஸ்கோப்பில் எது தெரியும், எது தெரியாது

மல்டிமீட்டர் வாங்கி, அர்டுயினோவில் இரண்டு மூன்று புராஜெக்ட் செய்து முடித்ததும் மனசு அடுத்துப் போவது, வோல்டேஜ் நேரத்தோடு மாறுவதை அலையாகத் திரையில் காட்டும் ஆசிலாஸ்கோப் பக்கம்தான். சென்னை ரிச்சி தெருவிலும் இணையக் கடைகளிலும் இரண்டாயிரம் ரூபாயை ஒட்டி, பாகங்களை நாமே பற்றவைத்துச் சேர்க்கும் டிஎஸ்ஓ138 ஆசிலாஸ்கோப் கிட் கிடைக்கிறது. அதே திறனில், பெட்டியும் பேட்டரியும் சேர்ந்த கையடக்க வகைகளும் உண்டு. வாங்கலாமா என்றால், வாங்கலாம். எதைப் பார்க்கப்போகிறீர்கள் என்பதை மட்டும் முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள்.

டிஎஸ்ஓ138-க்குப் பேண்ட்வித் (எவ்வளவு வேகமான சிக்னல் வரை காட்டும் என்ற எல்லை) 200 கிலோஹெர்ட்ஸ், விநாடிக்கு 10 லட்சம் சாம்பிள் (அளவெடுப்பு), ஒரே சேனல். 0.35-ஐப் பேண்ட்வித்தால் வகுத்தால் கருவி காட்டக்கூடிய மிக வேகமான ஏற்றம் எவ்வளவு என்று வந்துவிடும். இங்கே 1.75 மைக்ரோவிநாடி. நேனோவிநாடிகளில் ஏறும் சிக்னலைக் கொடுத்தாலும் திரையில் அந்தச் சரிவுதான் தெரியும்.

இந்த எல்லைக்குள்ளேயே கற்க நிறைய இருக்கிறது. அர்டுயினோ ஊனோவின் பிடபிள்யூஎம் (விட்டுவிட்டு வரும் பல்ஸ்) 490 அல்லது 980 ஹெர்ட்ஸ். சதுர அலை சதுரமாகவே தெரியும். சர்வோவுக்குப் போகும் 1 முதல் 2 மில்லிவிநாடி பல்ஸ், பட்டனை அழுத்தும்போது தொடுமுனை துள்ளுவது, 555 டைமரில் கெப்பாசிட்டர் ஏறி இறங்கும் வளைவு, ஆடியோ ஆம்ப்ளிஃபயரின் உச்சி வெட்டுப்படுவது எல்லாமே தெளிவாக வரும். 9600 பாடில் சீரியல் தொடர்பின் ஒரு பிட் 104 மைக்ரோவிநாடி. அதுவும் சுத்தமாகத் தெரியும். 115200 பாடில் ஒரு பிட்டுக்கு எட்டு ஒன்பது சாம்பிள்தான் கிடைக்கும். முனைகள் மழுங்கினாலும் சிக்னல் வருகிறதா இல்லையா என்று சொல்லிவிடலாம். சிப்புகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் 400 கிலோஹெர்ட்ஸ் ஐ2சி, 4 மெகாஹெர்ட்ஸ் எஸ்பிஐ இரண்டையும் இதில் தேடாதீர்கள். வோல்டேஜைக் குறைத்துத் தரும் எல்எம்2596 பக் கன்வர்ட்டர் 150 கிலோஹெர்ட்ஸில் ஓடுகிறது. அதன் வெளியீட்டில் வரும் சிறு ஏற்ற இறக்கம் (ரிப்பிள்) ஓரளவு தெரியும். ஸ்விட்ச் ஆகும் நொடியில் எழும் கூர்மையான முட்கள் தெரியவே தெரியாது. திரை சுத்தமாக இருக்கிறதே என்று சப்ளை நன்றாக இருப்பதாக நம்பிவிடுவதுதான் இதில் ஆபத்து.

புதியவர்களை அதிகம் ஏமாற்றுவது இன்னொன்று. டைம்பேஸை, அதாவது திரையின் ஒரு கட்டம் எவ்வளவு நேரம் என்ற அமைப்பை, மெதுவாக்க மெதுவாக்கச் சாம்பிள் வேகமும் குறைந்துகொண்டே போகும். ஒரு கட்டத்துக்கு 25 புள்ளி எடுக்கும் கருவியை 1 மில்லிவிநாடியில் வைத்தால் விநாடிக்கு 25,000 சாம்பிள்தான். அப்போது 24 கிலோஹெர்ட்ஸ் அலையைக் கொடுத்தால், அச்சு அசலாக 1 கிலோஹெர்ட்ஸ் அலை போலத் திரையில் நிற்கும். எந்தச் சிக்னலையும் முதலில் வேகமான டைம்பேஸில் பார்த்துவிட்டுப் பிறகு மெதுவாக்குங்கள். டைம்பேஸ் மாற்றும்போது கணக்கிட்ட அதிர்வெண்ணும் மாறினால் நீங்கள் பார்ப்பது பொய் அலை.

கிட்டைப் பற்றவைத்து முடித்ததும் நேராக வேலைக்கு எடுக்காதீர்கள். பலகையிலேயே 1 கிலோஹெர்ட்ஸ் சோதனைச் சிக்னல் இருக்கிறது. சிவப்புக் கிளிப்பை அதில் மாட்டி, ஸ்விட்சுகளை 0.1 வோல்ட், ×5-இல் வைத்து, சதுர அலையின் மூலை தட்டையாகும் வரை சி4 டிரிம்மரைத் திருப்புங்கள். பிறகு 1 வோல்ட், ×1-இல் வைத்து சி6-ஐத் திருப்புங்கள். இதைச் செய்யாவிட்டால் மூலைகள் கொம்பு போல எழும்பும், அல்லது உருண்டுவிடும். குறை சர்க்யூட்டில் என்று நினைத்து மணிக்கணக்கில் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

வாங்க வேண்டாம் என்று சொல்வது நடுவிலைக் கருவிகளில் ஒருவகையை. டேப்லெட் வடிவில், 100 மெகாஹெர்ட்ஸ் என்று பெட்டியில் அச்சிட்டு வருபவற்றில் பல, அந்தப் பேண்ட்விதை எட்டுவதில்லை. சோதிப்பது சுலபம். 74ஏசி14 சிப்பின் வெளியீடு சில நேனோவிநாடிகளில் ஏறும். அதை, புரோப்பின் கிரவுண்ட் வயரை முடிந்தவரை குட்டையாக வைத்துப் பாருங்கள். உண்மையான 100 மெகாஹெர்ட்ஸ் கருவியில் ஏற்ற நேரம் 5 நேனோவிநாடியை ஒட்டி வரும். 12 வந்தால் கையில் இருப்பது சுமார் 30 மெகாஹெர்ட்ஸ் கருவி. அந்தப் பணத்தோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து, இரண்டு சேனல் மேசைக் கருவியாக வாங்குவது நல்லது. டிஜிட்டல் தொடர்பு மட்டும்தான் பார்க்க வேண்டும் என்றால் ஸ்கோப்பே தேவையில்லை. எட்டு சேனல், 24 மெகாஹெர்ட்ஸ் யுஎஸ்பி லாஜிக் அனலைசர் ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. பல்ஸ்வியூ என்ற இலவச மென்பொருளோடு சேர்த்தால் ஐ2சி முகவரியைக்கூட எழுத்தாகப் படித்துக் காட்டும்.

இனி, உயிர் சம்பந்தப்பட்டது. எல்இடி பல்பு, டிவி சப்ளை, இண்டக்‌ஷன் அடுப்பு பழுது பார்ப்பவர்கள் கவனமாகப் படியுங்கள். 230 வோல்ட் என்பது ஆர்எம்எஸ் மதிப்பு, அதாவது அதே வெப்பத்தைத் தரும் டிசி வோல்டேஜ். உச்சம் 325 வோல்ட். டிஎஸ்ஓ138 தாங்குவது 50 வோல்ட். சிக்னலைப் பத்தில் ஒன்றாகக் குறைக்கும் 10எக்ஸ் புரோப் போட்டால் உள்ளே 32.5 வோல்ட்தானே வரும் என்று கணக்குச் சொல்வார்கள். பிரச்சினை சிவப்பு முனையில் இல்லை, கிரவுண்ட் கிளிப்பில் இருக்கிறது. மூன்று முள் பிளக் உள்ள மேசைக் கருவியில் அந்தக் கிளிப் நேராக வீட்டு எர்த்தோடு இணைந்திருக்கிறது. எஸ்எம்பிஎஸ் (ஸ்விட்சிங் பவர் சப்ளை) பிரைமரியின், அதாவது மின்வாரிய மின்சாரத்தோடு நேராக இணைந்த பக்கத்தின், மைனஸில் அதை மாட்டினால், பிரிட்ஜ் டையோடு வழியாக லைனும் எர்த்தும் ஷார்ட் ஆகும், வெடித்துச் சிதறும். எர்த் முள்ளை ஒடித்துவிட்டு வேலை பார்த்தால் கருவியின் உலோகப் பகுதி முழுக்க லைவ் ஆகிவிடும். பேட்டரிக் கருவியிலும் இதே கதைதான்: கிளிப் தொடும் இடத்தின் வோல்டேஜ், உங்கள் விரல் படும் இணைப்பியின் வெளிவளையத்திலும் யுஎஸ்பி துளையிலும் வந்து நிற்கும்.

பிரைமரிப் பக்கம் பார்த்தே ஆக வேண்டும் என்றால், இரண்டு புள்ளிகளுக்கு இடையே உள்ள வோல்டேஜை, எதையும் எர்த்தோடு இணைக்காமல் அளக்கும் டிஃபரென்ஷியல் புரோப்பை, அந்த வோல்டேஜுக்கு உரியதாகப் பார்த்து வாங்குங்கள். மின்வாரிய 50 ஹெர்ட்ஸ் அலை எப்படி இருக்கும் என்ற ஆவல்தான் என்றால், 230-க்கு 9 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றை மூடிய பெட்டியில் பொருத்தி, 9 வோல்ட் வரும் செகண்டரியில் மட்டும் புரோப்பை வையுங்கள். உச்சம் 13 வோல்ட் அளவில் வரும். லோடு இல்லாததால் சற்றுக் கூடுதலாகவும் தெரியலாம். அலையின் தலை தட்டையாக இருந்தால் கருவியைச் சந்தேகிக்க வேண்டாம். தெருவில் ஓடும் எஸ்எம்பிஎஸ்கள் எல்லாம் உச்சியில் மட்டும் கரண்ட் இழுப்பதால் அலை அப்படித்தான் வரும்.